ரியல் அனாலிசிஸ் அரியர் முடிஞ்சுது, விடைத்தாள் போட்டோகாப்பிக்குப் போடாம மட்டும் விட்றாதீங்க

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு. 75க்கு 49. நவம்பர்ல இதே பேப்பர்ல 31தான் வாங்குனேன், பாஸுக்கு 38 வேணும். எம்.எஸ்சி மேக்ஸ் மொத செமஸ்டர்ல இந்தப் பேப்பர்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற பிள்ளைங்க நிறைய இருப்பீங்க, அதுக்குத்தான் எழுதுறேன். காலேஜ் பேரு, இந்தப் பேப்பர் எடுத்த சார் பேரு ரெண்டும் போட மாட்டேன், கேக்காதீங்க.

எனக்கு ஊரு காரைக்குடி பக்கம் ஆத்தங்குடி. அப்பா பூக்கல் பட்டறையில, அதான் தரைக்குப் பதிக்கிற பூப்போட்ட கல்லு செய்ற எடத்துல, வேலை பாக்குறாங்க. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர் ஒரு தடவ சொன்னாங்க, நம்ம வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950ல மெட்ராஸ்ல ராமானுஜன் பேருல ஒரு கணித ஆராய்ச்சி நிறுவனமே ஆரம்பிச்சாரு, விஜயராகவன்னு பெரிய கணித மேதைதான் அதுக்கு மொத டைரக்டர்னு. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு கணக்குக்காக இவ்வளவு செஞ்சிருக்காரான்னு அன்னைக்கி மனசுல விழுந்ததுதான், பிஜி வரைக்கும் இழுத்துட்டு வந்துச்சு. யூஜில நல்ல மார்க். அதனாலதான் அந்த 31 அப்படி வலிச்சுது.

சார் க்ளாஸ் எப்படின்னா, ஒன்பதரைக்கு மணி அடிக்கிறப்ப உள்ள இருப்பாரு. ஒரு நாள் லேட் கிடையாது, ஒரு நாள் லீவு கிடையாது, அத நான் மறைக்க மாட்டேன். ஆனா திரும்பி எங்களப் பாக்க மாட்டாரு. டெஃபினிஷன், தியரம், ப்ரூஃப், அழி, அடுத்த தியரம். ஒரு எக்சாம்பிள் போட மாட்டாரு, ஒரு படம் வரைய மாட்டாரு. நடுவுல "இட் ஈஸ் க்ளியர்"னு சொல்லிட்டு நாலு ஸ்டெப்பத் தாண்டிருவாரு, எனக்கு அந்த நாலு ஸ்டெப்புதான் தெரியாது. ஒரு நாள் தைரியமா எந்திரிச்சு "சார் புரியல சார்"னேன். "யூஜில படிச்சிருக்கணுமேம்மா"ன்னுட்டு எழுத ஆரம்பிச்சிட்டாரு. அதுக்கப்புறம் அந்த செமஸ்டர் பூரா நான் வாயே தொறக்கல. எனக்கு மட்டும் இல்ல, க்ளாஸ்ல பாதிக்கு மேல அப்படித்தான் உக்காந்திருந்தோம். ப்ரூஃப மனப்பாடம் பண்ணி இன்டர்னல ஒப்பேத்திட்டோம், செமஸ்டர்ல மாட்டிக்கிட்டோம்.

ரிசல்ட் வந்தவுடனே சீனியர் அக்கா ஒருத்தங்க "ரீவேல்யூவேஷனுக்கு ஓடாத, மொதல்ல போட்டோகாப்பி வாங்கிப் பாரு"ன்னாங்க. விடைத்தாள் நகல் கேக்க பத்து நாள்தான் டைம். எக்ஸாம் செக்ஷனுக்குப் போனேன். அங்க இருந்தவரு ஃபாரத்தப் பாத்துட்டு எச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்து இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. எச்ஓடி பேப்பர் திருத்த வெளியூர் போயிருக்காங்க, மூணு நாள் கழிச்சுத்தான் வருவாங்களாம். எங்க ஊர்ல இருந்து காரைக்குடி வந்து பஸ் மாறித்தான் காலேஜுக்குப் போகணும், போக வர அரை நாள் போயிரும். மூணு நாள் கழிச்சுப் போயி கையெழுத்து வாங்கிட்டு வந்தா, ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எங்கங்குறாரு. இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல! ஜெராக்ஸ் எடுத்துட்டு ஓடி வந்தா, பணம் கையில வாங்க மாட்டோம், ஆன்லைன்ல கட்டிட்டு ரசீதோட வான்னாரு. சர்வர் அன்னைக்கிப் பாத்து வேலை செய்யல. கடைசி நாளுக்கு மொத நாள் ராத்திரி பதினோரு மணிக்கு பணம் போச்சு, மறுநாள் காலைல கொண்டு போயி குடுத்தேன். வாங்கிக்கிட்டே "மார்க்கெல்லாம் மாறாதும்மா, ஏன் காச வீணாக்குற"ன்னாரு. அப்பா கைக்காசு அது, கண்ணு கலங்கிருச்சு. போகப்போற பிள்ளைங்க எச்ஓடி கையெழுத்து, ஹால் டிக்கெட் ஜெராக்ஸ், பணம் கட்டுன ரசீது மூணையும் கையில வச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறுங்க.

நகல் வந்துச்சு. கூட்டல்ல தப்பு இல்ல. விட்டுப்போன பக்கமும் இல்ல. ஆனா யூனிஃபார்ம் கன்டினியுட்டி கேள்வில பத்துக்கு மூணு, டெஃபினிஷன்லயே ஒரு வரியச் சுத்தி வட்டம் போட்டிருந்துச்சு. அந்த வரிய அரை மணி நேரம் பாத்தேன், என்ன தப்புன்னு தெரியல. புக்குல இருக்குற எல்லா வார்த்தையும் அதுல இருக்கு.

அந்த அக்காதான் "அத எடுத்துக்கிட்டு சார்கிட்டயே போ"ன்னாங்க. எனக்கு போக இஷ்டமே இல்ல. ரெண்டு தடவ போனேன், சார் ரூம்ல இல்ல. மூணாவது தடவ, ஒரு புதன்கிழமை மதியம், இருந்தாரு. புரியலன்னு சொல்லல. வட்டம் போட்ட வரியக் காட்டி, "சார், இந்த வரில டெல்டா முதல்ல வரணுமா, எக்ஸ் முதல்ல வரணுமா"ன்னு மட்டும் கேட்டேன். (எப்சிலான்னா ஃபங்ஷன் மதிப்பு எவ்வளவு வரைக்கும் மாறலாம்ங்குற எல்லை, டெல்டான்னா அந்த எல்லைக்குள்ள நிக்க எக்ஸ் எவ்வளவு நகரலாம்ங்குற தூரம்.)

சார் கண்ணாடியக் கழட்டிட்டு என்னைய நிமிந்து பாத்தாரு. நாலு மாசத்துல அதான் மொத தடவ. "உக்காரும்மா, எந்த ஊரு"ன்னாரு. சொன்னேன். ஒரு பேப்பர எடுத்து ஒன் பை எக்ஸ் படத்த வரைஞ்சாரு, பூஜ்யத்துக்கும் ஒன்னுக்கும் நடுவுல மட்டும். "எப்சிலான் ஒன்னுன்னு வச்சுக்க. எக்ஸ் 0.1ல நிக்கிறப்ப டெல்டா 0.009 வரைக்கும் போலாம். 0.01க்கு வந்துட்டா 0.0001 கூடத் தாங்காது. இன்னும் பூஜ்யத்துக்கிட்டப் போகப் போக இன்னும் சின்னதாகும். உங்க ஊர்ல ஹாலுக்குக் கல்லு பதிக்கிறாங்கள்ல, ஹால் முழுக்க ஒரே சைஸ் கல்லு போட முடிஞ்சா அது யூனிஃபார்ம். இங்க செவுத்துக்கிட்டப் போகப் போக கல்ல வெட்டி வெட்டிச் சின்னதாக்கணும், எங்கயும் நிக்காது. நீ எக்ஸ முதல்ல எழுதிட்டு அப்புறம் டெல்டா எழுதியிருக்க, அப்படின்னா ஒவ்வொரு எக்ஸுக்கும் வேற வேற கல்லு. அது வெறும் கன்டினியுட்டி."

அப்புறம் மூணே வரில ப்ரூஃப். 1/2, 1/3, 1/4ன்னு பக்கத்துப் பக்கத்துல புள்ளி எடுத்துக்க, புள்ளிக்கு நடுவுல தூரம் பூஜ்யத்துக்குப் போகுது, ஆனா ஃபங்ஷன் மதிப்பு 2, 3, 4ன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒன்னு வித்தியாசத்துலயே நிக்குது, ஒரே டெல்டா எப்படி வரும்னாரு. நாப்பது நிமிஷம் இருந்திருப்பேன், ஹெய்ன் போரல் தியரம் இங்க ஏன் உதவாதுன்னு வரைக்கும் சொன்னாரு. அந்தத் தியரத்துக்கு ரெண்டு ஓரமும் உள்ள சேந்த இடைவெளி வேணும், அதத்தான் க்ளோஸ்டும்பாங்க. இங்க பூஜ்யம் உள்ள சேரல, க்ளோஸ்டு இல்ல, அதனாலதான்.

வெளிய வந்தப்ப சந்தோஷமும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. இவ்வளவு அழகா சொல்லத் தெரிஞ்சவரு, அந்தக் கல்லு விஷயத்த க்ளாஸ்ல ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தா எத்தன பேரு தப்பிச்சிருப்பாங்க? ஆத்தங்குடில பொறந்து, அப்பா கண்ணாடி மேல கலர் ஊத்தி கல்லு வார்க்குறதப் பாத்து வளந்த எனக்கே அது தோணல, அவருக்குத் தோணியிருக்கு, ஆனா போர்டுல வரல. இது எனக்கு இன்னைக்கும் ஆறல.

அதுக்கப்புறம் ஏப்ரல் வரைக்கும் முடிஞ்ச புதன்கிழமையெல்லாம் போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வரி, எந்த வார்த்தைல இடிக்குதுன்னு பென்சில்ல கோடு போட்டு எடுத்துட்டுப் போவேன். ஒரு தடவ மொத்தமா யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ்ங்குற பாடமே புரியலன்னுட்டேன், "படிச்சிட்டு வாம்மா"ன்னு அனுப்பிட்டாரு. வீட்டுல, எந்த டெஃபினிஷன் படிச்சாலும் அது இல்லைன்னா எப்படி எழுதணும்னு எதிர்ப்பதத்தையும் எழுதிப் பழகுனேன், மார்க் ஏறுனது அதுலதான்.

இப்ப அவரு க்ளாஸ்ல இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு. ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க, ஒருத்தர் போர்டுல இருக்குறத எழுதுங்க, இன்னொருத்தர் சார் வாயில வர்றத எழுதுங்க. காரணத்த அவரு முணுமுணுத்துக்கிட்டேதான் இருக்காரு, போர்டுல எழுத மாட்டாரு, நாங்க காப்பி பண்ற அவசரத்துல அதக் காதுல வாங்கல. புதன்கிழமை மூணு மணிக்கு மேல ரூம்ல இருப்பாரு, நாலரைக்குக் கிளம்பிருவாரு. போட்டோகாப்பி ஃபாரத்துல எச்ஓடி கையெழுத்த ரிசல்ட் வந்த அன்னைக்கே வாங்கிருங்க.