மறைக்கல்விக்கு வருடத் திட்டம் போட்ட கதை

மறைமாவட்டம் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பு மறைக்கல்வியும், அதாவது கத்தோலிக்க சமயப் பாடமும், என் தலையில் விழுந்தது. கையில் இருந்தது ஒரு புத்தகமும் வாரத்துக்கு ஒரு பாடவேளையும்தான்.

முதல் வேலை வகுப்பைப் பிரிப்பது. அரசியலமைப்பின் 28(3) பிரிவுப்படி, உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் உட்கார வைக்க முடியாது. அதனால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தச் சபைப் பிள்ளைகளை மட்டும் வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

அப்புறம் நாட்காட்டி. திருச்சபையின் விழாக்களும் காலங்களும் அடங்கிய திருவழிபாட்டு ஆண்டையும் பள்ளி ஆண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அரையாண்டுத் தேர்வு வந்து நிற்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பள்ளி முழுக்கப் பொதுத்தேர்வு ஜுரம். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும். நடைபயணம் போகிற பிள்ளைகள் அந்த வாரம் வகுப்பில் இருக்க மாட்டார்கள். செபங்கள், திருமுழுக்கு போன்ற அருளடையாளங்கள் எல்லாம் ஞாயிறு வகுப்பில் பங்குக் கோவிலிலேயே நடத்தப்படுகின்றன. அதையே திரும்ப நடத்தினால் கொட்டாவிதான் வரும்.

ஆகவே கனமான பாடங்களை ஜூலைக்கே கொண்டுவந்தேன். ஜூலை 3 தோமையார் விழா. இயேசு உயிர்த்தெழுந்ததைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் அவர். அந்த வாரம் பெயர் எழுதாமல் ஆளுக்கொரு கேள்வி எழுதித் தரச் சொன்னேன். "செபம் பண்ணியும் அப்பா குடியை விடலையே, ஏன் சார்?" என்று ஒரு சீட்டு. பரிணாமம் சரியா, ஆதாம் ஏவாள் சரியா என்று பல சீட்டுகள். இரண்டாவதற்குப் பதில் சுலபம்: மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம வழியில் ஆராயத் தடையில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இலேயே எழுதிவிட்டார். முதல் சீட்டுக்காக ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கினேன். அதற்கு எந்தப் புத்தகத்திலும் பாடக்குறிப்பு கிடையாது.

புனித தேவசகாயம் விழா ஜனவரி 14, அதாவது பொங்கல் விடுமுறை. பாடத்தைப் பள்ளி திறந்த பிறகு வைத்தேன். துறவியல்ல, குடும்பஸ்தர், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022இல் புனிதரானார். அவர் சாதி வேற்றுமை பார்க்காதவர் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன், "அப்புறம் ஏன் சார் சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சுவர்?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது.

வரும் ஆண்டுத் திட்டத்தில் தேவசகாயத்துக்கு இரண்டு வாரம். குருவாகவோ துறவியாகவோ போவதைப் பற்றிய இறையழைத்தல் பாடத்தை ஒரு வாரத்தில் முடித்துக்கொள்ளப் போகிறேன். சிஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை.