மூச்சு வேர்களின் நடுவே
நேற்று மும்பையின் மாகிம் கழிமுகத்தில் நீர் வற்றியிருந்தது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிற்கும் மூச்சு வேர்களில் பால் பாக்கெட் உறைகள் சுற்றிக் கிடந்தன. நடுவே இரண்டே இலைகளோடு ஓர் அலையாத்திக் (மாங்குரோவ்) கன்று!

பிச்சாவரம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. எந்தக் கன்று பிழைக்கும்? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் (கடல் ஏற்றவற்றம்) வந்துபோக வழி செய்தார்கள். பிறகுதான் காடு திரும்பியது.

தாராவி நண்பர்களே, கன்று நடுவதற்கு முன் நீர்வழியை அடைக்கும் குப்பையையும் கட்டட மண்ணையும் அகற்றுவோம். ஞாயிறு காலை வருகிறீர்களா?