அடிக்குரலுக்கும் கீழே ஒரு தனிக்குரல்

1740-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸில் அச்சான இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ஆறு செல்லோ சொனாட்டாக்களில் (செல்லோவுக்கான தனியிசைப் படைப்புகளில்) ஐந்தாவதை, அதாவது இ மைனர் சொனாட்டாவை, டபுள் பாஸில் வாசிக்கப் பழகத் தொடங்கியபோது, விரல்களைவிட முதலில் என்னை அலைக்கழித்தது ஸ்தாயிதான். செல்லோவைவிடப் பெரிய டபுள் பாஸ், எழுதப்பட்ட சுரத்தைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கருவி. ஆகவே தாளில் உள்ளதை அப்படியே வாசித்தால், தனிக்குரல் பல இடங்களில், அடிக்குரலும் கூட்டுச்சுரங்களும் சேர்ந்த துணையிசையான கண்டினுவோவின் அடிக்குரலுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அடித்தளமாக நிற்க வேண்டிய சுரம் நடுவில் மாட்டிக்கொள்ள, ஐந்தாம் இடைவெளி (ச–ப) நான்காம் இடைவெளியாகப் (ப–மேல் ச) புரண்டு, இசையமைப்பாளர் எழுதாத ஓர் ஒத்திசைவு கேட்கிறது.

கட்டைவிரலைத் தந்தியின் மேல் பதித்து மேல்நிலைகளில் ஏறி, செல்லோவின் ஸ்தாயியிலேயே வாசிக்கலாம். மெதுவான பகுதிகளில் அது அழகு, வேகமான பகுதிகளில் (ஒப்புக்கொள்கிறேன்) வெறும் வியர்வை. செல்லோவின் தந்திகள் ஐந்தாம் இடைவெளியிலும் டபுள் பாஸின் தந்திகள் நான்காம் இடைவெளியிலும் சுருதி சேர்க்கப்படுவதால், செல்லோவில் வில் எளிதாகத் தாண்டும் இடங்களில் டபுள் பாஸில் இடக்கை தாவ வேண்டியிருக்கிறது.

எனவே, அடிக்குரலையும் ஒரு ஸ்தாயி இறக்கிவிடுவதையே நான் விரும்புகிறேன். கண்டினுவோவை வாசிக்கும் ஹார்ப்சிகார்ட் (பழைய விசைப்பலகைக் கருவி) கலைஞர் இடக்கையைக் கீழே கொண்டுபோய், வலக்கையின் கூட்டுச்சுரங்களை மெலிதாக்க, இன்னொரு டபுள் பாஸ் அடிக்குரலைத் தாங்கினால் குரல்களின் வரிசை மறுபடி சரியாகிறது. இரண்டாவது பாஸ் குறுகிய வில்லடியில் வாசிக்க வேண்டும். நீட்டி இழுத்தால் இரு கருவிகளின் ஒலியும் கலங்கிவிடும்.