கடைசி ராஜா யாரு?

லண்டன்ல ஒரு பழைய புத்தகக் கடையில வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரம். முதலாளி ஒரு சின்ன புக்கை என் மேசையில வெச்சு, "இது எந்த வருஷத்துதுன்னு பாத்து வை"ன்னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டார். லிட்டில் ஆர்தர்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாண்ட். வருஷம் போட்டிருக்கிற டைட்டில் பேஜ் இல்ல, சின்னப் பசங்க கையில சிக்கின புக்குல அதுதான் முதல்ல கிழியும். நானும் பைண்டிங்கைத் தடவிப் பாத்தேன், பேப்பரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன், மோந்துகூட பாத்தேன், ஜான் முர்ரேங்கிற பப்ளிஷர் இதை முதமுதல்ல போட்டது 1835ன்னு எங்கயோ படிச்சிருந்ததால ஒருவேளை அதுவே இதுவா இருந்துட்டா என்ன விலைக்குப் போகும்னு மனசுல ஒரு கணக்கு வேற ஓடிட்டு இருக்கு. அவர் கப்போட வந்தார், நின்னுக்கிட்டே கடைசிப் பக்கங்களைத் திறந்தார், "இங்க யாரு ஆட்சி?"ன்னார். விக்டோரியா ராணி. 1835ல ராஜா நாலாம் வில்லியம், விக்டோரியா பட்டத்துக்கு வந்ததே 1837 ஜூன்ல. அரை மணி நேரம் மோந்து பாத்ததுக்கு அரை நிமிஷத்துல பதில் வந்துருச்சு.

பசங்களுக்கான சரித்திர புக்குக்கு மட்டும்தான் இந்த வசதி. கதைப் புக்கு எழுதினபடியே ஐம்பது வருஷம் ஓடும். சரித்திரம் அப்படி ஓடாது, ராஜா செத்தா பப்ளிஷர் ஒரு சாப்டர் சேத்தாகணும், இல்லன்னா ஸ்கூல்ல வாங்க மாட்டான். ஆனா முழுசா புதுசா எழுத்து கோக்கவும் மாட்டாங்க. ஒரு தடவை கோத்த எழுத்தை அச்சு எடுத்து உலோகத் தகடா வார்த்து வெச்சுக்குவாங்க, அந்தத் தகட்டையே வருஷக்கணக்கா ஓட்டுவாங்க. அதனால சில புக்குல முன்னாடி பக்கமெல்லாம் எழுத்து மழுங்கி, கால் ஒடிஞ்சு கிடக்கும், கடைசி நாலு பக்கம் மட்டும் கத்தி மாதிரி கூரா இருக்கும். ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரின்னு எனக்குத் தோணும்.

லிட்டில் ஆர்தர் மேல எனக்குத் தனிப் பாசம் வந்ததுக்கு இன்னொரு காரணம் இருக்கு. எழுதினது மரியா கால்காட். கடைசிக் காலத்துல உடம்பு முடியாம வீட்டோட கிடந்தப்ப எழுதினது. அதுக்கு முன்னாடி அந்தம்மா மரியா கிரஹாம்ங்கிற பேர்ல இந்தியாவெல்லாம் சுத்தி 1812ல ஒரு பயணப் புக்கு போட்டிருக்காங்க, அதுல மெட்ராஸும் உண்டு மாமல்லபுரமும் உண்டு. நான் செங்கல்பட்டுக்காரன். எங்க ஊர்ப் பக்கத்துக் கல்லெல்லாம் பாத்துட்டுப் போனவங்க எழுதின புக்கை லண்டன்ல உக்காந்து தூசு தட்டிட்டு இருக்கேன்னு அன்னிக்கு அம்மாகிட்ட போன்ல சொன்னேன், அவங்க சம்பளம் எப்ப போடுவாங்கன்னு கேட்டாங்க.

வேலை என்னன்னு பாத்தா ரெண்டு கோடு போடுறதுதான். இந்த வருஷத்துக்கு முன்னாடி இருக்க முடியாது, இந்த வருஷத்துக்குப் பின்னாடி இருக்க முடியாது. முன் கோட்டுக்கு ராஜா உதவுவார், ராஜா கைவிட்டா பப்ளிஷர் பேரு. கம்பெனியில பங்காளி மாற மாற பேரும் மாறும். ரூட்லெட்ஜ், வார்ன் அண்ட் ரூட்லெட்ஜ்னு போட்டிருந்தா 1858லேர்ந்து 1865க்குள்ள, அப்புறம் வார்ன் தனியா கடை போட்டுட்டார், இவங்க ரூட்லெட்ஜ் அண்ட் சன்ஸ் ஆயிட்டாங்க. நம்ம ஊர்ல ஜவுளிக்கடை பாகம் பிரிஞ்சா போர்டு மாறுமே, அதே கதைதான். கடைசியில விளம்பரத்துக்குன்னு புக் லிஸ்ட் இருந்தா அதுல எது புதுசா வந்ததுன்னும் பாக்கலாம், ஆனா மிச்சம் கிடந்த பழைய லிஸ்டையும் சேத்துத் தைச்சிருப்பாங்க, அதை நம்பி மோசம் போனவங்க நிறைய.

பின் கோட்டுக்கு பரிசுச் சீட்டு. இங்கிலாந்துல அந்தக் காலத்துல ஸ்கூல்லயும் சண்டே ஸ்கூல்லயும் புக்குதான் பரிசு, அட்டைக்கு உள்பக்கம் சீட்டு ஒட்டி பேரு, தேதி எழுதிக் குடுப்பாங்க. ஒரு தடவை 1889ன்னு போட்ட ஒழுங்கா ஸ்கூலுக்கு வந்ததுக்கான பரிசு ஒண்ணு வந்துச்சு. உள்ள ஜான் ராஜா படத்துக்கு பென்சில்ல கண்ணாடி போட்டு, பக்கத்துல ஒரு வகுத்தல் கணக்கு, அதுவும் தப்பு. முதலாளி எரேசரை எடுக்க விடல. 1889க்குள்ள அச்சானதுன்னு அந்தச் சீட்டு சொல்லும், எவ்வளவு முன்னாடின்னு சொல்லாது, கடை அலமாரியில எத்தனை வருஷம் கிடந்து அப்புறம் பரிசா போச்சோ.

அமெரிக்கப் புக்குன்னா வேற தொல்லை. டைட்டில் பேஜுக்குப் பின்னாடி காப்பிரைட் வருஷம் போட்டிருக்கும், அது பதிவு பண்ண வருஷம், அச்சான வருஷம் இல்ல. பீட்டர் பார்லிங்கிற புனைபேர்ல வந்த யுனிவர்சல் ஹிஸ்டரிக்கு அது 1837. எழுதினது பின்னாடி பெரிய நாவலாசிரியரா ஆன நத்தானியேல் ஹாதார்னும் அவர் அக்காவும், கூலி 100 டாலர்.

சரி, நான் மாட்டின கதைக்கு வர்றேன். டிக்கன்ஸ் எழுதின எ சைல்ட்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாண்ட், மூணு குட்டி வால்யூம், ஒரு வீட்டைக் காலி பண்ணப்ப வந்த பெட்டியில இருந்துச்சு. ராஜா வித்தை தெரிஞ்ச திமிர்ல நேரா கடைசி சாப்டருக்குப் போனேன். இவர் கதையை 1688லயே நிறுத்திட்டு அதுக்கப்புறம் வந்தவங்களையெல்லாம் ஒரு குட்டி சாப்டர்ல அள்ளிப் போட்டு விக்டோரியாவை வாழ்த்தி முடிச்சிடுவார். முதல் அச்சுலயும் விக்டோரியா, நாப்பது வருஷம் கழிச்சு அடிச்சதுலயும் விக்டோரியா. வித்தை பலிக்கல. டைட்டில் பேஜ் பாத்தேன். ஒண்ணுல 1852, அடுத்ததுல 1853, மூணாவதுல 1854. ஓ, யாரோ மூணு எடத்துலேர்ந்து பொறுக்கிச் சேத்திருக்காங்கன்னு முடிவு பண்ணி, சீட்டுல 'மேட்-அப் செட்'னு எழுதி, அட்டைக்கு அடுத்த வெத்துத் தாள்ல பென்சில்ல ஒரு குறைஞ்ச விலையும் போட்டு ஷெல்ஃப்ல வெச்சேன்.

அந்த சரித்திரம் 1851லேர்ந்து 1853 வரைக்கும் டிக்கன்ஸோட வாரப் பத்திரிகையில தொடரா வந்துச்சு, வர வர வால்யூமா போட்டாங்க பிராட்பரி அண்ட் எவன்ஸ். அதனால முதல் எடிஷன்னா மூணுலயும் மூணு வருஷம் இருந்தாத்தான் சரி. மூணுலயும் ஒரே வருஷம் இருந்தாத்தான் சந்தேகப்படணும். எனக்கு அன்னிக்கு இது தெரியாது. அடிக்கடி வர்ற ஒரு டீலருக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்தார், எடுத்தார், பேரம்கூட பேசல. பேரம் பேசாதப்பவே எனக்கு வயித்துல ஏதோ பண்ணுச்சு. சாயங்காலம் முதலாளி பில் புக்கைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் மூணு வருஷத்தையும் ஒரு சீட்டுல எழுதி என் மேசை விளக்குல ஒட்டிட்டார். திட்டியிருந்தா பரவால்லன்னு இருந்துச்சு.

அந்தச் சீட்டு இன்னும் அங்கதான் இருக்கு. அந்த டீலரும் இன்னும் வர்றார், மூணு வால்யூம் செட் எதைப் பாத்தாலும் கையில எடுத்து, என் பக்கம் திரும்பி, "மேட்-அப்?"ன்னு கேப்பார். முதலாளி இருக்கிற நாள்ல மட்டும் கேக்க மாட்டார்.