சீயம் முன்னிலை, கந்தரப்பம் பின்னடைவு: ஓர் ஆபீஸ் க்விஸ்

"சனிக்கிழமை மாலை 4 மணிக்கு டீம் பில்டிங். அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்" என்று ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி விழும். ஐந்து நிமிடத்தில் பதினோரு கட்டைவிரல் வரும். ஆறாவது நிமிடம் காரைக்குடிக்கே உரிய பதில்: "சார், அன்னைக்கு எங்க பெரியப்பாவுக்குச் சாந்தி." சாந்தி என்றால் அறுபதாம் கல்யாணம் மாதிரியான விழா; இந்த வட்டாரத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவரையும் நடத்துகிறவர்களையும் விட்டுவிட்டு, விளையாட மிச்சம் 24 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

டீம் பில்டிங் என்றதும் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக விழு, சகா பிடிப்பார் என்று ஒரு விளையாட்டைச் சொல்வார்கள். வேட்டி கட்டி வரும் ஐம்பத்தைந்து வயதுக் கணக்கர் ஏன் விழ வேண்டும், யார் பிடிப்பார்கள்? க்விஸ் என்றால் நாற்காலி, பேப்பர், பேனா, வாய் போதும். ஆனால் நடத்தத் தெரியாமல் நடத்தினால் அது பத்தாம் வகுப்புப் பரீட்சையாகிவிடும். எல்லாம் தெரிந்த ஒருவர் பதில் சொல்வார், இருபத்து மூன்று பேர் பஜ்ஜி தின்பார்கள்.

முதலில் டீம் பிரிப்பது. நாலு பேர், ஆறு டீம். மூன்று பேர் என்றால் தெரியாத கேள்விக்கு மௌனம்தான். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் சொந்தக் கதை பேசப் போய்விடுவார்கள். "நீங்களே சேர்ந்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தினமும் சேர்ந்து டீ குடிக்கிற நால்வர் அப்படியே ஒரு மேஜையில் உட்கார்ந்துகொள்வார்கள், ஸ்டோர்ஸ்காரர் தனியாக நிற்பார். அக்கவுண்ட்ஸில் ஒருவர், ஃபீல்டில் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், பழம் தின்று கொட்டை போட்டவர் ஒருவர் என்று முந்தின நாளே சீட்டு எழுதிவிடுங்கள்.

டீம் பெயரையும் அவர்களிடம் கேட்காதீர்கள். பத்து நிமிடம் போகும், கடைசியில் ஒன்று 'காரைக்குடி கிங்ஸ்', இன்னொன்று 'சிங்கங்கள்'. சீயம், கந்தரப்பம், அதிரசம், தேன்குழல், மணகோலம், மாவுருண்டை என்று நாமே ஆறு பலகாரங்களின் பெயரை வைத்துவிட்டால் ஸ்கோர் வாசிக்கும்போதே பாதி இறுக்கம் போய்விடும். "சீயம் பதினொன்று, கந்தரப்பம் நாலு" என்றால் தோற்றவர்களும் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

அடுத்தது பேனா. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் டீமில் யாருடைய பதில் பேப்பரில் ஏறும் என்பதைப் பேனா பிடித்த கைதான் முடிவு செய்கிறது. சீனியர் பிடித்தால் சீனியர் பதில்தான் ஏறும். அதனால் முதல் சுற்றில் டீமிலேயே இளையவர் எழுதட்டும், சுற்றுக்குச் சுற்று பேனா மாறட்டும். "அண்ணே, எனக்கென்னமோ ரங்கூன்னு தோணுது" என்று அதுவரை வாய் திறக்காத பிள்ளை சொல்லும், தானே எழுதியும் விடும்.

நேரக் கணக்கு இது. ஒரு கேள்வியை இரண்டு முறை வாசிக்க 30 விநாடி, யோசித்து எழுத 45 விநாடி, பிறகு விடை சொல்லி, "அட, சொன்னேன்ல!" அடங்க இன்னொரு 45 விநாடி. ஆக, கேள்விக்கு இரண்டு நிமிடம். 24 கேள்வி என்றால் 48 நிமிடம், மார்க் கூட்ட ஒரு பத்து நிமிடம், ஆக ஒரு மணி நேரம். எட்டெட்டாக மூன்று சுற்று வையுங்கள். நாற்பது கேள்வி தயாரித்து வருகிற ஆர்வக்கோளாறு எல்லா ஆபீஸிலும் உண்டு. முப்பதாவது கேள்வியில் பஸ் நேரம் பார்ப்பவர்களை அவர் கவனிப்பதே இல்லை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இரண்டரை மணிக்கு வைப்பதும் தப்பு. செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூளைக்கு அரை நாள் லீவு.

பழைய வீட்டை ஆபீஸாக்கியிருந்தால் இடப் பிரச்சினை வேறு. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், புரொஜெக்டர் வைத்தால் மேலே திறந்த வானம், நாலு மணி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. உள்ளே போனால் கனத்த சுவர், சிக்னல் இருக்காது. ஆப் வழியாக நடத்தும் க்விஸ்களில் சீக்கிரம் தட்டியவருக்கு அதிக மார்க் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விடை தெரிந்தவரை விட ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்தான் ஜெயிப்பார். ஒற்றை விரலால் டைப் அடிக்கும் கணக்கர் மூன்றாவது கேள்வியோடு கண்ணாடியைக் கழற்றிவிடுவார். காகிதத்தில் எழுதுவதுதான் என் கட்சி. கரண்ட் போனாலும் ஓடும்.

போன்களை என்ன செய்வது? மேஜைக்கு ஒரு பனையோலைக் கொட்டான். நாலு போனும் அதற்குள், மேஜை நடுவில். பார்க்கவும் அழகு, எடுத்தால் ஓலை சரசரவென்று காட்டிக்கொடுக்கும். ஐந்தாவது போன் சட்டைப் பையில் இருக்கும் என்பதும் தெரிந்ததே. "பாத்ரூம் போயிட்டு வர்றேன்" என்று கேள்வி வாசித்த உடனே எழுந்து போகிறவரைத் தடுக்க முடியாது. விடை எழுதும் நேரம் முடிந்த பிறகே அவர் திரும்புமாறு கதவைச் சாத்தி வைக்கலாம்.

பஸ்ஸர் வேண்டாம். யார் முதலில் அமுக்கியது என்ற சண்டை சொத்துத் தகராறு மாதிரி இழுக்கும். பள்ளிக்கூடத்துப் 'பாஸ்' முறையும் வேண்டாம். ஒரு டீமிடம் கேட்டு, தெரியாவிட்டால் அடுத்த டீமுக்குத் தள்ளுகிற அந்த முறையில், ஒரு டீமுக்கு நேராக வருவது மொத்தம் நாலு கேள்விதான். அதிலும் பலவீனமான டீமுக்கு அடுத்து உட்கார்ந்தவர்களுக்கு ஓசிக் கேள்வி மழை. ஆறு டீமும் எல்லாக் கேள்விக்கும் எழுதட்டும். சுற்று முடிந்ததும் பேப்பரைப் பக்கத்து மேஜைக்கு மாற்றித் திருத்தச் சொல்லுங்கள். தப்பு விடைக்கு மார்க் குறைக்காதீர்கள். குறைத்தால் முதலில் வாயை மூடுவது கூச்சமுள்ளவர்தான்.

நடத்த மூன்று பேர் போதும். செட்டியார்கள் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்து வேலையாள் வரிசைப்படி சொன்னால் கேள்வி வாசிக்க ஒரு மேலாள், மார்க் போட ஓர் அடுத்தாள், பேப்பர் பொறுக்க ஒரு பெட்டியடிப் பையன். மேனேஜரை டீமில் போட்டால் அவர் தாஜ்மகாலைக் கட்டியது அசோகர் என்றாலும் மூன்று பேர் தலையாட்டுவார்கள். கேள்வி வாசிக்க விட்டாலோ அவருடைய ஒவ்வொரு ஜோக்குக்கும் 24 பேர் சிரிக்கவேண்டி வரும், நேரம் போதாது. அவரைப் பெட்டியடிப் பையனாக்கிவிடுங்கள். அவர் குனிந்து பேப்பர் பொறுக்குகிற காட்சிக்கே அன்றைய செலவு தகும்.

இனி கேள்வி. எட்டில் இரண்டு எல்லாருக்கும் தெரிய வேண்டும், நாலு பாதி டீமுக்குத் தெரிய வேண்டும், இரண்டு ஒரு டீமுக்காவது தெரிய வேண்டும். யாருக்குமே தெரியாத கேள்வி, கேட்டவர் தன் மேதாவித்தனத்துக்கு வைத்துக்கொண்ட பொன்னாடை.

ஒரு கேள்வியை எப்படி வெட்டுவது என்று பார்ப்போம். "இந்தியன் ஓவர்சீஸ் வங்கி எந்த ஆண்டு தொடங்கப்பட்டது?" என்றால் தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் ஜன்னலைப் பார்ப்பார். அதையே இப்படிக் கேளுங்கள்: "1937 பிப்ரவரி 10 அன்று ஒரு வங்கி ஒரே நாளில் மூன்று ஊர்களில் திறந்தது. ஒன்று காரைக்குடி, ஒன்று சென்னை. மூன்றாவது ஊர் கடல் தாண்டி. வங்கி எது, ஊர் எது?" கடல் தாண்டி என்றதும் ஒருவர் பெயரைப் பிடிப்பார். ஐயா (தாத்தா) கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஊர் என்று இன்னொருவர் ரங்கூனைப் பிடிப்பார். ஒரே விடைக்கு இரண்டு தலை தேவைப்படுகிறது. டீம் பில்டிங் என்று பேனர் அடிப்பதெல்லாம் இந்த அரை நிமிடத்துக்குத்தான்.

அதே மாதிரி, "வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் எதற்காகக் கொடுத்தார்?" என்று கேட்டால் 'சிக்ரி' (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) என்று நாலு மேஜையாவது எழுதும். நல்ல கேள்வி. ஆனால் "சிக்ரி எந்த ஆண்டு வந்தது?" என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25, திறப்பு விழா 1953 ஜனவரி 14. அதிரசம் ஒன்றை எழுதும், மாவுருண்டை இன்னொன்றை எழுதும், இரண்டும் சரி. ஆண்டு கேட்டால் எந்த நிகழ்ச்சியின் ஆண்டு என்று கேள்வியிலேயே இருக்க வேண்டும்.

காலாவதியான விடை இன்னொரு கண்ணிவெடி. பழைய பொது அறிவுப் புத்தகத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32. 2019-இல் அது 37 ஆயிற்று, 2020-இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38. காரைக்குடியே 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது, புத்தகத்துக்குத் தெரியாது. அதிக நிலவுகள் உள்ள கோள் எது என்பது இன்னும் மோசம். 2023 தொடக்கத்தில் வியாழன் முந்தியது, அந்த மே மாதமே சனி திருப்பிப் பிடித்தது, 2025-இல் சனியின் கணக்கு 274. சனிப்பெயர்ச்சியை விட வேகமாக மாறுகிற விடை, தொடாமல் இருப்பது நல்லது.

வாட்ஸப்பில் வந்ததைக் கேள்வியாக்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு சுற்றே வைக்கலாம். நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்தது என்று அறிவித்ததா? இல்லை. ஹாக்கி தேசிய விளையாட்டா? 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, எதையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகமே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக்குக் கபடி உண்டு, அதைக் கேளுங்கள்.

இந்த வியாதி நம்மோடு நிற்கவில்லை. 1979-இல் கனடாவில் இருவர் உருவாக்கிய 'டிரிவியல் பர்சூட்' என்ற பொது அறிவுக் கேள்வி விளையாட்டின் மேல் 1984-இல் ஓர் அமெரிக்கர் வழக்குப் போட்டார். தன் தகவல் தொகுப்பை யாராவது காப்பியடித்தால் பிடிப்பதற்காக, டிவி துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் பிலிப் என்று ஒரு பொய்யை அதில் நட்டு வைத்திருந்தார். அந்தப் பொய் அப்படியே விளையாட்டில் முளைத்திருந்தது. தகவல் யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்று வழக்கில் அவர் தோற்றார் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு விடையையும் இரண்டு இடத்தில் சரிபார்க்கச் சொல்வது இதற்குத்தான். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியதாக இருந்தால் அது இரண்டு இடம் ஆகாது.

உள்ளூர்க் கேள்வி எட்டுக்கு இரண்டு போதும். வெளியூர்க்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். நகரத்தார் என்கிற செட்டியார்கள் தங்களைப் பிரித்துச் சொல்லும் ஒன்பது நகரக் கோயில்களையும் எழுதச் சொல்வது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளையார்பட்டிக்குப் பிறகு பேச்சு "நீங்க எந்தக் கோயில்?" என்று திரும்பும், பாதி மேஜை விருந்தாளியாகிவிடும். ஆத்தங்குடிக் கல்லின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டால் எல்லாருக்கும் பொது. தினமும் அதன் மேல்தான் நடக்கிறோம், ஒருவருக்கும் சட்டென்று தெரியாது.

டை ஆகிவிட்டால் ஒரு கண்ணாடி பாட்டிலில் புளியங்கொட்டை. எத்தனை என்று ஊகிக்கட்டும், நெருங்கியவருக்கு வெற்றி. முந்தின நாள் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையில் கொட்டி மறுபடி எண்ணச் சொல்வார்கள், எண்ணவும் செய்வார்கள். பரிசு தின்பண்டமாக இருக்கட்டும், ஜெயித்த டீம் மேஜை மேஜையாகப் பரிமாற வேண்டும். கடைசி டீமுக்கு அடுத்த க்விஸின் கேள்வி தயாரிக்கும் தண்டனை.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு கேள்வி சபையைக் கவிழ்க்கும். காரைக்குடியில் அது பெரும்பாலும் சாப்பாட்டுக் கேள்வி.

"வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசிக்கும் உளுந்துக்கும் என்ன விகிதம்?" கேள்வி தயாரித்த தம்பி யூடியூப் பார்த்து நாலுக்கு ஒன்று என்று எழுதி வைத்திருக்கும். விடை வாசித்த கணத்தில் மணகோலம் டீமிலிருந்து அக்கவுண்ட்ஸ் அக்கா எழுந்திருப்பார்.

"நாலுக்கு ஒண்ணா? யாரு சொன்னா? ஒரு டம்ளர் பச்சரிசியை நிரப்பி, அது மேலேயே உளுந்தைக் கோபுரமா வைக்கணும். கோபுரம் சரிஞ்சு கொட்டற வரைக்கும். அதுதான் அளவு."

"அது விகிதம் எவ்வளவுக்கா?"

"விகிதமெல்லாம் தெரியாது. கோபுரம்."

தேன்குழல் டீம் உடனே டம்ளரின் வாய் அகலத்தைப் பொறுத்துக் கோபுரம் மாறுமே என்று அறிவியல் பேசும். சீயத்திலிருந்து ஒருவர், ஊறவைத்து நைசாக அரைத்து, கொஞ்சம் பால், ஒரு சிட்டிகை சீனி சேர்த்து, மாவைப் புளிக்க விடாமல் ஊற்றவேண்டும் என்று கேட்காததற்கும் விடை சொல்வார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாக யாரோடும் பேசாத திருநெல்வேலிப் பையன், "அப்போ இது தோசை மாவு இல்லையா?" என்று கேட்டு மாட்டிக்கொள்வான். நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து அவனுக்கு விளக்குவார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருக்கும்.

நடத்துபவர் இங்கே பதறக் கூடாது. அந்தக் கேள்விக்கு ஆறு டீமுக்கும் ஆளுக்கொரு மார்க் போட்டுவிட்டு டீ சொல்ல வேண்டியதுதான். அளவு, பக்குவம், எந்தக் கடை பிரியாணி ஆகிய மூன்றையும் மார்க் உள்ள சுற்றில் வைக்காமல், கடைசியில் மார்க் இல்லாமல் வைப்பது இன்னும் விவேகம். சண்டை வேண்டும், கூட்டல் கணக்குக்குள் வேண்டாம்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு எவர்சில்வர் தூக்கு ஒன்று அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு வரும். கூடவே வரமிளகாய்த் துவையல். யார் ஜெயித்தார்கள் என்று அதற்குள் எல்லாரும் மறந்திருப்பார்கள். திருநெல்வேலிப் பையன் மூன்றாவது பணியாரத்தை எடுக்கும்போது அக்கா கேட்பார்:

"இப்ப சொல்லு தம்பி, நாலுக்கு ஒண்ணா?"

"கோபுரம்க்கா."