பிரிக்காத கவர்கள்

மஞ்சள் பையைக் கவிழ்த்ததும் மேஜைமேல் 11 கவர்கள் விழுந்தன. பிரித்தவை இரண்டே இரண்டு. மற்ற ஒன்பதும் தபால்காரர் கொடுத்தபடியே ஒட்டிக் கிடந்தன. ரேஷன் கார்டு, கேஸ் புக், பிள்ளையின் மார்க் ஷீட் ஜெராக்ஸ், இவற்றோடு சேர்த்து அவற்றையும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

"ஏம்மா பிரிக்கவே இல்ல?"

"பிரிச்சு என்ன சார் பண்றது? உள்ள எல்லாம் இங்கிலீஷு. தொகை மட்டும்தான் புரியும். அதப் பாத்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் போயிடும்."

2023 ஜூன் மாதம் அது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். அந்தம்மாவுக்கு வண்டிப்பாளையம். வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை. போன வாரம் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, தெருப்பக்கச் சுவரில் கறுப்புப் பெயின்டால் கடன் கம்பெனியின் பெயரையும் 'இந்த வீடு அடமானத்தில் உள்ளது' என்பதையும் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் இட்லி வாங்க வந்தவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பிரிக்காத கவரைப் பார்த்தால் எனக்குள் ஒரு நடுக்கம் வரும். அதற்குக் காரணம் உண்டு. இந்த ஆபீசுக்கு வருவதற்கு முன் மூன்று வருஷம், வீட்டுக்கடன் கம்பெனி ஒன்றுக்கு ஆஜராகும் வழக்கறிஞரிடம் இருந்தேன். இந்த நோட்டீசுகளை அடித்தவனே நான்தான். மாதிரி ஒன்றுதான்; பெயர், கணக்கு எண், தொகை, சொத்து விவரம் இவை மட்டும் மாறும். மதியச் சாப்பாட்டுக்குள் இருபது முடித்துவிடுவேன். கவரிலும் ஒப்புகை அட்டையிலும் விலாசத்தைக் கையால் எழுதி, பசை தடவி, போஸ்ட் ஆபீசில் சேர்ப்பதோடு என் வேலை முடிந்தது. அந்த விலாசத்தில் ஒருவர் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்குவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

2019இல், இந்த ஆபீசில் சேர்ந்த சில மாதங்களில், அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். துண்டில் முடிந்து பணம் கொண்டுவந்திருந்தார். சம்சாரத்தின் நகை, மகளின் நகை எல்லாவற்றையும் விற்ற பணம். "மொத்தத்தையும் கட்டிடறேன், வீட்ட மட்டும் வாங்கிக் கொடுத்துடுங்க" என்றார். வக்கீல் சார் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏலம் முடிந்து, எடுத்தவர் முழுப்பணமும் கட்டி, விற்பனைச் சான்றிதழைப் பதிவும் செய்துவிட்டிருந்தார். பதிவாகி நான்கு நாள்.

பெரியவரிடமும் ஒரு கட்டு கவர்கள் இருந்தன. அதில் ஒன்றின்மேல் இருந்த விலாசம் என் கையெழுத்து. 'அரியாங்குப்பம்' என்பதில் 'ங்'குக்கு நான் போடும் நீளமான வால். கவரைப் பிரிக்கவே இல்லை அவர். உள்ளே இருந்த காகிதத்தைப் பிரிக்காமலே என்னால் ஒப்பிக்க முடியும். அன்றைக்கு அவரிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றுவரை அது எனக்குள் இருக்கிறது.

ஜப்தி என்றதும் ஏல நாள்தான் கடைசி நாள் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். பெரியவரும் அப்படித்தான் நினைத்தார். 2002ஆம் வருஷத்துச் சர்ஃபாசி சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே கடன் கொடுத்தவர் வீட்டை எடுத்து விற்கலாம். தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அடுத்து 60 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ். சட்டத்தின் 13(2) பிரிவில் வருவதால் எங்கள் வட்டாரத்தில் 'தேர்ட்டீன் டூ' என்போம். அதற்கு நாம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் முடிந்தால், வீட்டை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லும் சுவாதீன நோட்டீஸ். அதைக் கதவில் ஒட்ட வேண்டும், ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகையில் போட வேண்டும், ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டிஆர்டிக்கு, நாம் போகலாம். பாக்கி முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை இருந்தது. 2016இல் திருத்தம் செய்து, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அதை நிறுத்திவிட்டார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெரியவர் வீட்டை இழந்தது ஏலத்தன்று அல்ல. பேப்பரில் அந்தச் சின்னக் கட்டம் வந்த அன்றே இழந்துவிட்டார்.

இதைச் சொன்னால், 'படிச்சுப் பாக்காதது அவங்க தப்புதானே' என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில்தான் எல்லாத் தகவலும் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதியிலேயே இருக்கிறது. மூன்று வருஷத்தில் நான் தமிழில் ஒரு நோட்டீஸ்கூட அடித்ததில்லை.

வண்டிப்பாளையத்து அம்மாவின் ஒன்பது கவர்களையும் அன்று மாலை நானே பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினேன். ஒவ்வொன்றையும் தமிழில் படித்துச் சொன்னேன். சுவாதீன நோட்டீஸ் ஒட்டி 12 நாள்தான் ஆகியிருந்தது. ஏல அறிவிப்பு வரவில்லை. மூச்சு வந்தது எனக்கு.

கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கவே மூன்று வாரம் அலைந்தோம். 2018இல் வாங்கிய கடன், 7 லட்சம், 17 சதவீத வட்டி, 15 வருஷம், மாதம் 10,773 ரூபாய். தானே புயலில் கூரை போனபின் வருஷக்கணக்காகத் தகரத்தின் கீழ் இருந்துவிட்டு, தளம் போடுவதற்காக வாங்கியது. பிராசஸிங் கட்டணமும் வரியுமாக 24,780, கேட்காமலே சேர்த்த இன்சூரன்ஸ் 31,000 போக, கைக்கு வந்தது 6,44,220. ஆனால் வட்டி முழு 7 லட்சத்துக்கும். முதல் தவணையில் அசலுக்குப் போனது 856 ரூபாய். இந்த ஒரு வரியை ஸ்கேல் வைத்துக் காட்டியபோது அந்தம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மீதி பத்தாயிரம்?"

"வட்டிம்மா."

கொரோனா காலத்து ஆறு மாதச் சலுகையை, வட்டியே கிடையாது என்று நம்பியிருக்கிறார். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது, அசலோடு சேர்ந்தது. வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒப்பந்த வேலையில் கால் உடைந்து படுத்து, 2022 ஆகஸ்டில் தவணை நின்றபோது, 41 தவணையில் 4,41,693 ரூபாய் கட்டியிருந்தார். அப்போது அசல் பாக்கி 7,35,000 சொச்சம். வாங்கியதைவிட அதிகம். நோட்டீசில் 9,12,000. ஒரே மாதத்தில் மூன்று தடவை கணக்கில் பணம் எடுக்க முயன்று, மூன்று தடவையும் 590 ரூபாய் அபராதம். வீட்டுக்கு வந்து மிரட்டிவிட்டுப் போனதற்கு 'நேரில் வந்த செலவு'. அபராத வட்டியைச் சேர்த்து அதன்மேலும் வட்டி. சலுகை மாதங்களுக்கு வட்டிக்கு வட்டி போடக்கூடாது, போட்டிருந்தால் திருப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. அந்தத் தொகை கணக்கில் திரும்ப ஏறவே இல்லை.

'நாங்க கட்டல, அதனால எடுக்கறாங்க' என்றுதான் அதுவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு தலையை நிமிர்த்தி எதிர்த்தரப்பு வக்கீலின் முகத்தைப் பார்த்துப் பேசினார். என்னையும் 'சார்' விட்டுத் 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

45 நாள் கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் சென்னை டிஆர்டியில் மனு போட்டோம். இரண்டு லட்சம் கட்டினால் மேல் நடவடிக்கைக்குத் தடை என்று உத்தரவு வந்தது. குழுக் கடன், பிடித்த சீட்டு, கடைசி வளையல் எல்லாம் அதில் போயின. 2023 ஆகஸ்டில், அபராதத்தை வட்டியாகப் போட்டு அதற்கும் வட்டி வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அமலுக்கு வந்தது அடுத்த வருஷம்தான் என்றாலும், பேச்சுவார்த்தையில் கையில் வைத்துப் பேச ஒரு காகிதம் கிடைத்தது. பத்து லட்சத்தைத் தாண்டியிருந்த பாக்கி, கட்டிய இரண்டையும் சேர்த்து 8,10,000 என்று முடிந்தது.

மீதி 6,10,000க்கு எங்கே போவது? சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவு கெட்டுப்போனவருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. பண்ருட்டிப் பக்கம் அம்மா வீட்டு முந்திரித் தோப்பில் அவருக்கு ஒரு பங்கு இருந்தது. புயலில் சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக அண்ணனும் அவருமாகக் கன்று வைத்தார்களாம். இப்போதுதான் நன்றாகக் காய்க்கிறது. அந்தப் பங்கை அண்ணன் பெயருக்கு விட்டுக்கொடுத்தால் பணம் தருவதாக அண்ணன் சொன்னார். விடுதலைப் பத்திரத்தை நான்தான் அடித்தேன். 'இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித பாத்தியதையும் இல்லை' என்ற வரியைப் படித்துக் காட்டும்போது, "அந்த வரிய இன்னொரு தடவ படி தம்பி" என்றார். படித்தேன். கையெழுத்துப் போட்டார்.

2024 பிப்ரவரியில் கணக்கு முடிந்தது. கடன் முடிந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்ப வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதி அதற்கு முந்தைய டிசம்பரில்தான் அமலுக்கு வந்திருந்தது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டோம். 27ஆம் நாள் பத்திரங்கள் வந்தன. அவருடைய மாமனார் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்த தாய்ப்பத்திரம் முதல் ஒவ்வொரு பக்கமாக எண்ணிச் சரிபார்த்தேன். சிபிலில் மட்டும் 'செட்டில்டு' என்று நிற்கிறது. முழுதாக அடைத்தவர் என்று ஆகாது. இன்னும் சில வருஷம் கடன் கேட்டுப் போனால் அது முன்னால் வந்து நிற்கும்.

சுவருக்கு இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்தும் எழுத்து உள்ளிருந்து தெரிந்ததாம். மூன்றாவது தடவை சுரண்டி எடுத்துவிட்டு அடித்தார்களாம்.

அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்துவிட்டு, சார்பதிவாளர் ஆபீஸ் வராந்தாவில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, பணம் சேத்துக் குடுத்தா, அந்தத் தோப்புப் பத்திரத்தையும் இதேமாதிரி திருப்பிக்க முடியுமா?"

"விடுதலை எழுதிட்டா எழுதினதுதாம்மா. அண்ணனா மனசு வச்சு மறுபடி எழுதிக் கொடுத்தாத்தான்."

"கேட்டுப் பாக்கணும்" என்றார். பத்திரங்களை அந்த மஞ்சள் பைக்குள் வைத்து, இரண்டாக மடித்து, இடுப்போடு அணைத்துக்கொண்டார்.