கடன் அறிக்கையில் பிறர் கடன்: முறையிடும் உரிமையும் வழியும்

“சிபில் சரியில்லை” என்று வங்கியில் சொல்லிவிட்டால், நம்மில் பலர் எதனால் சரியில்லை என்று கேட்காமலேயே திரும்பிவிடுகிறோம். நாம் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் அந்தக் கடன் அறிக்கையே தவறாக இருக்கலாம். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் வாங்கிப் பார்ப்பதே நல்லது. ஏனெனில் ஒன்றில் உள்ள பிழை மற்றொன்றில் இல்லாமல் போகலாம்.

அம்பத்தூரில் வீடு வாங்கக் கடன் கேட்ட என் அக்கா மகனின் அறிக்கையில், அவன் வாங்கவே வாங்காத ஒரு செல்போன் தவணைக் கடன் நிலுவையாகக் கிடந்தது. நம் ஊரில் இப்படி நேர்வதற்கு வாய்ப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். ஆதாரில் முன்னெழுத்தாக இருக்கும் அப்பா பெயர் பான் அட்டையில் முழுப் பெயராகப் பின்னால் வந்து நிற்கிறது. பழைய கடன் விண்ணப்பத்தில் அது வேறொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். பெயரும் பிறந்த தேதியும் ஓரளவு ஒத்துப்போனால் ஒருவர் கடன் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுகிறது. கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டால் தகவல் நிறுவனத்திடம் போகச் சொன்னார்கள். அங்கே கேட்டால் கடன் கொடுத்தவர் உறுதிசெய்ய வேண்டும் என்றார்கள்.

இரண்டாவது பதிலில் சட்டப்படி உண்மை இருக்கிறது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன்படி, கடன் கொடுத்தவர் சரியென்று சான்றளிக்காமல் தகவல் நிறுவனம் எதையும் தானாக மாற்ற முடியாது. ஆகவே இருவருக்கும் ஒரே நாளில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்க வேண்டும். அதில் 21 நாட்கள் கடன் கொடுத்தவருக்கு உரியவை. அந்தக் கெடு தாண்டினால், தாமதத்துக்குக் காரணமானவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் உள்ளது. கோரிக்கையை மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அறிக்கையில் உள்ள கடன் மதிப்பெண்ணை (ஸ்கோர்) கணக்கிட்ட முறை பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் இந்த இழப்பீடு பொருந்தாது.

புகாரில் கோபத்தைவிட ஆவணம்தான் பேச வேண்டும். முடித்த கடன் இன்னும் நிலுவையாகத் தெரிந்தால் கடன் முடிந்துவிட்டது என்று கடன் கொடுத்தவர் தரும் சான்றையும் (என்.ஓ.சி.) கடைசித் தவணை கட்டிய வங்கி விவரத்தையும் இணைக்கலாம். நமக்குச் சம்பந்தமே இல்லாத கடன் என்றால், விண்ணப்பத்தின் நகல், அதனுடன் கொடுக்கப்பட்ட அடையாளச் சான்றுகள், பணம் யாருக்குச் சென்றது என்ற விவரம் ஆகியவற்றைக் கடன் கொடுத்தவரிடம் கேளுங்கள். என் அக்கா மகன் விஷயத்தில் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் எதிர்த்தரப்பு அசைந்தது. யாரோ நம் பான் எண்ணை வைத்தே கடன் வாங்கியிருந்தால், 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் செய்ய வேண்டும். ஆனால், ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் நம் அறிக்கையில் வருவதும், குறைத்துக் கட்டி முடித்த கடன் ‘செட்டில்டு’ என்று பதிவாவதும் பிழையல்ல.

30 நாட்கள் கடந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. விவரம் கேட்க 14448. சேவைக் குறைபாட்டால் நேர்ந்த இழப்புக்கு, சென்னை வடக்கு, தெற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையங்களை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகவும் வழி உண்டு.

திருத்தம் முடிந்த பிறகு புதிய அறிக்கையை வாங்கி வங்கியில் கொடுங்கள். கடன் நிறுவனங்கள் குறுகிய இடைவெளியில் தொடர்ந்து தகவல் அனுப்புவதால், அவர்களுடைய சொந்தப் பதிவேட்டில் பிழை திருத்தப்படாமல் இருந்தால் அதே தவறு மீண்டும் ஏறக்கூடும். அதனால் ஓரிரு மாதம் கழித்து இன்னொரு முறை அறிக்கையைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.